கொசுறு

நிலக்கரி எரிந்தால்
மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரம்.
மீதி இரண்டும் இந்த ஏரிக்குக் கொசுறு.
வாங்கிய கத்தரிக்காயைவிட
ஓசிக் கறிவேப்பிலை கனக்கிற கணக்கு.
அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ள எனக்குச் சம்பளம்,
இரவு ஏழு முதல் காலை ஏழு வரை.

இல்லினாயின் தென்கோடி.
ஜனவரியில் குளம் குட்டையெல்லாம் இறுகிவிடும்.
எங்கள் ஏரி மட்டும்
கஞ்சி வடித்த பானைபோல் ஆவி விட்டுக்கொண்டிருக்கும்.
வெந்நீர்க் கால்வாய் ஏரியில் இறங்கும் இடத்தில்
அறுபத்திரண்டு டிகிரி, ஃபாரன்ஹீட்.
கெளுத்தியும் பாஸும் அங்கே
குளிர்காலம் என்று ஒன்று இருப்பதையே மறந்து
கொழுத்துக் கிடக்கும்.
குளிர் விட்டுப்போச்சு என்று
மனிதர்களைத்தான் சொல்வோம்.
இங்கே மீனுக்கும் சொல்லலாம்.

டுவேன் ஹெக்கர்ட் தினமும் வருகிறார்.
முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவர்.
பனியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிய என் காரை
அவருடைய டிரக் இழுத்துப்போட்ட நாளில்
நம்பர் கைமாறியது.
அதிலிருந்து வாரம் ஒரு குறுஞ்செய்தி:
‘ரெண்டாவது யூனிட்?’
முதலாவதை மூடி இரண்டு வருஷமாகிறது.
மிச்சமிருக்கும் ஒன்று எப்போது நிற்கும் என்பது
வியாபார ரகசியம்.
பதில் போட்டால் வேலை போய்விடும்.
போடாவிட்டாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.
புகைபோக்கியை அவர் பார்ப்பதே இல்லை.
தூண்டில் நரம்பில் ஒரு விரல் வைத்திருப்பார்,
நாடி பிடிக்கிற மாதிரி.

கோழி ஆலையில் ஷிஃப்ட் முடித்து
ரப்பர் பூட்ஸோடு நேரே வருவாள் மிஸஸ் சிசவாத்.
பக்கத்து ஆள் வெட்டி வீசும் கெளுத்தித் தலைகளை
உரிமையோடு வாளியில் போட்டுக்கொள்வாள்.
ஒருநாள் எனக்கு ஒன்று நீட்டினாள்.
எப்படிக் கண்டுபிடித்தாள் என்று
இன்னும் விளங்கவில்லை.

பதினேழாம் தேதி, விடியற்காலை மூன்று பத்து.
வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே நாலு.
நான்காம் பேரிங்கில் அதிர்வு.
ஏழு.
ஒன்பது.
பதினொன்றில் அலாரம் கத்தும் முன்பே
சிவப்புக் குமிழின்மேல் என் கை.

டர்பைன் சுற்றி ஓய
முக்கால் மணி நேரம் ஆகும்.
தண்ணீருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.
விடிவதற்குள் நாற்பத்தொன்று.

கரையெல்லாம் வெள்ளி.
உள்ளங்கை நீள ஷாட் மீன்கள், வாய் திறந்தபடி.
எந்தக் கடலிலிருந்து செய்தி கேட்டனவோ,
கடற்காகங்கள் எனக்கு முன்னால் வந்துவிட்டன.
வனவிலங்குத் துறையிலிருந்து பிரியானா என்ற பெண்
பத்தடிக்குப் பத்தடி கயிறு கட்டி எண்ணினாள்.
நூற்று நாற்பத்தொன்று.
கரையின் நீளத்தால் பெருக்கினாள்.
படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம்,
இரண்டு சொல் கொள்ளும்.
‘யூனிட் நின்றது’ என்று எழுதிக் கொடுத்தேன்.
நிறுத்தியது யார் என்று கட்டம் இல்லை.

டுவேன் வலையால் அள்ளி
பிளாஸ்டிக் பைகளில் நிரப்பிக்கொண்டிருந்தார்.
ஃப்ரீசரில் போட்டால்
ஏப்ரல் வரை இரைச் செலவு மிச்சம்.
தலை நிமிராமல் கேட்டார்:
“பேரிங்கா?”
நான் கடற்காகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
“என் டிரக்கிலும் அதேதான்” என்றார்.

ஆறு நாள் கழித்துப் பற்றவைத்தோம்.
இதில் ஒரு வேடிக்கை உண்டு:
டர்பைன் சுற்றுவதற்கு முன்பே
நீராவியைச் சும்மா குளிரவைக்க வேண்டும்.
ஊருக்கு ஒரு பல்பு எரியும் முன்னால்
ஏரிக்கு வெந்நீர் போய்விடும்.
அரசாங்கத்துக்கு, சந்தைக்கு, யாருக்கும்
இன்னும் தகவல் சொல்லியிருக்கவில்லை.

நாலே கால் மணிக்கு ஃபோன் அதிர்ந்தது.
ஒரே ஒரு எண்:
ஐம்பத்து மூன்று.

என் திரையில் ஐம்பத்தொன்று என்றிருந்தது.
பதில் போடவில்லை.
ஷிஃப்ட் நோட்டில் மட்டும் எழுதினேன்:
வெளியேற்றக் கால்வாய் வெப்பமானி
இரண்டு டிகிரி குறைவாகக் காட்டுகிறது,
சரிபார்க்கவும்.